பரிசல் ஓடாத நாளில் பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்வது?

ஓசூர் அப்பா | செவ்வாய், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிக்கிறேன், இழை தொடங்குவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம், வேலை ஓசூரில். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. போன ஜூலையில் ஒரு சனி ஞாயிறோடு திங்களும் லீவு போட்டு கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒகேனக்கல் என்று கிளம்பினோம். நான் சண்டே ஸ்கூலில் வகுப்பு எடுப்பவன். கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் இடம், வசனம், கேள்வி என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன். ஒகேனக்கல் பரிசலுக்கு மாற்கு 4, கடலில் புயல். முதலைப் பண்ணைக்கு யோபு 41, லிவியாதான் என்ற பெரிய நீர்மிருகம். மனைவி நோட்டைப் பார்த்துவிட்டு, "டூர் போறோமா, வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) போறோமா?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை. அங்கே நான் வாசித்த வசனத்தைப் பக்கத்துக் கடையில் மீன் பொரிகிற சத்தம் ஜெயித்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை ஒகேனக்கல். மாமரத்துக்கடவு துறைக்குப் போனால் பரிசல்கள் எல்லாம் கரையில் கவிழ்த்துக் கிடக்கின்றன. நீர்வரத்து கூடிவிட்டதால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. போலீஸ்காரர் ஒருவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மகன் என்னை ஏதோ மோசடிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "மழையே இல்ல, எப்படிப்பா வெள்ளம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பரிசல் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். மழை வயநாட்டிலும் குடகிலும் பெய்கிறதாம். அங்கே கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பினால் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையில் பிலிகுண்டுலுவுக்கு வரும்போது கனஅடி கணக்குப் பார்த்து, இங்கே தடை போடுவார்கள். "நம்ம தலைக்கு மேல பெய்யற மழை இல்ல சாமி, யாருக்கோ பெய்யற மழை" என்றார்.

இதற்குள் மகள் ஒரு பரிசலின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்துக் கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். "இது என்ன தாத்தா?" தார், பாப்பா. மூங்கில் பத்தையைப் பின்னி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, தண்ணீர் இறங்காமல் இருக்கத் தார் பூசுகிறோம். அந்தக் காலத்தில் மாட்டுத் தோல் போர்த்துவார்கள். அவர் சொல்லி முடிக்கவும் இவள் என்னிடம் திரும்பி, "அப்பா, மோசே பாப்பாவா இருந்தப்ப அவரைப் போட்ட பெட்டியும் இப்படித்தானே? பிசினும் கீலும் பூசினது?"

நோட்டில் இல்லாத வசனம்! யாத்திராகமம் 2, குழந்தை மோசேயை நாணல் பெட்டியில் வைத்து ஆற்றோரம் விட்ட கதை. கீல் என்றால் தார் மாதிரி. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அங்கேயே நின்று ஆரம்பித்தேன்: மோசேயின் பெட்டி, நோவாவின் பேழை, அதற்கும் உள்ளும் புறமும் கீல்தான், ஆபத்திலே தேவன் நம்மைச் சுற்றிப் பூசுகிற பாதுகாப்பு... இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மகள் குறுக்கே சொன்னாள்: "அப்பா, நான் சும்மா கேட்டேன்."

மனைவி ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

என் கேள்வி இதுதான். அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? இப்படிப்பட்ட நேரங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


எலத்தகிரி பேத்தி | செவ்வாய், இரவு 11.15

அண்ணா, நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஒரே சந்தேகம். ஞாயிறு காலை ஒகேனக்கல் என்றால் ஆராதனை?


ஓசூர் அப்பா | செவ்வாய், இரவு 11.21

மாட்டிக்கொண்டேன். கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று 6 மணிக்கே தருமபுரியை விட்டுக் கிளம்பிவிட்டோம். காரிலேயே ஜெபம் செய்தோம்.


எலத்தகிரி பேத்தி | செவ்வாய், இரவு 11.34

குறை சொல்லவில்லை அண்ணா. நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). எங்கள் ஆயா உயிரோடு இருந்தவரை, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் விசாரிப்பது "பூசை எத்தனை மணிக்கு?" என்பதைத்தான், ரூம் வாடகை அப்புறம்தான். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது, "இனிமே ஜில்லா முழுக்க நம்ம வீடு மாதிரி" என்று ஆயா சொல்லுமாம். தெரியாத கோவிலில், தெரியாதவர்களுக்கு நடுவில், நமக்குத் தெரிந்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வதைக் கேட்கும்போது பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று புரிகிறது. அதற்கு நோட்டு வேண்டாம்.


கேப்டன் ஜெபம் | புதன், காலை 6.02

ஓய்வுநாளை ஆசரிக்காமல் உல்லாசம் தேடிப்போனால் பரிசல் எப்படி ஓடும்? கர்த்தரே தடுத்தார் என்று எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரரே.


கேள்விக்காரன் | புதன், காலை 7.10

@கேப்டன் ஜெபம், அப்படியானால் அன்றைக்கு அங்கே வந்திருந்த மற்ற ஆயிரம் பேர் என்ன பாவம் செய்தார்கள்? இவர் பூசைக்கோ ஆராதனைக்கோ போகாததற்காகக் கபினியில் ஷட்டரைத் திறந்தார்களா?


நெறியாளர் | புதன், காலை 8.30

ஓய்வுநாள் விவாதத்துக்குத் தனி இழை உண்டு, அங்கே 340 பதிவு ஓடியிருக்கிறது. இங்கே வேண்டாம். இழையின் கேள்விக்கு வாருங்கள்.


பாஸ்டர் மகள் | புதன், மதியம் 1.45

இழையின் கேள்விக்கு என் பதில்: ஆம், பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முழுக்கக் கேளுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் வளர்ந்தவள், இப்போது பெங்களூரில். அப்பா போதகர். எங்களுக்கு டூர் என்றால் கே.ஆர்.பி. அணைதான், வேறு எங்கே போவது? போதகர் சம்பளத்துக்கு அதுவே அதிகம். டவுன் பஸ், புளிசோறு, ஒரு பொட்டலம் நிப்பட்டு. அணைக்குப் போனால் அப்பா பாடம் நடத்துவார். தண்ணீரைப் பார்த்தால் ஜீவத்தண்ணீர், மதிலைப் பார்த்தால் விசுவாசம், குரங்கைப் பார்த்தால் கூடப் பாடம். (குரங்கு, உலக இச்சை. புளிசோற்றைப் பறித்துக்கொண்டு ஓடியதால்.) எனக்கும் தங்கைக்கும் ஆத்திரமாக வரும். ஒருமுறை தங்கை அவர் முகத்துக்கு நேராகவே காதைப் பொத்திக்கொண்டாள்.

2017 நவம்பரில் அந்த அணையில் ஒரு மதகின் ஷட்டர் உடைந்தது, ஞாபகம் இருக்கும். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த மனிதர். மாலையில் அவருக்குச் சங்கீதம் வாசித்துக் காட்டுவது என் முறை. அன்றைக்கு 42. "உமது மதகுகளின் இரைச்சலால் ஆழத்தை ஆழம் கூப்பிடுகிறது" என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே வாசிக்க முடியவில்லை. மதகு என்ற வார்த்தை அந்த வசனத்தில் இருப்பதையே அன்றுதான் கவனித்தேன். சின்ன வயதில் அந்தச் சுவரோரம் நின்றால் காலுக்குக் கீழே ஒரு அதிர்வு வரும், பக்கத்தில் பேசுவது காதில் விழாது. அது அப்படியே திரும்ப வந்தது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கும் அணைதான் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டால் பதில் சொல்கிற நிலையில் அவர் இல்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், அணையில் அவர் நடத்திய அத்தனை பாடத்திலும் அந்த வசனம் ஒருமுறைகூட வந்ததில்லை. சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. சொல்லாதது நின்றது. ஆனால் அவர் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்காது. அதனால் உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கே குழப்பம்தான்.


ஓசூர் அப்பா | புதன், மதியம் 2.20

சிஸ்டர், ஆபீசில் உட்கார்ந்து வாசித்தேன். அப்புறம் எழுதுகிறேன்.


சேலத்துச் சித்தப்பா | புதன், மாலை 4.05

ஒகேனக்கல் பேச்சு வந்ததால் என் அனுபவம். மச்சான்களோடு போனபோது என்னை வலுக்கட்டாயமாக ஆயில் மசாஜுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். நான் யாரிடமும் சேவகம் வாங்காத ஆள். சாப்பிட்ட தட்டைக்கூட நானேதான் கழுவுவேன். அதில் ஒரு பெருமை வேறு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் பாறைமேல் உட்காரவைத்துக் கால்விரல் இடுக்கில் எல்லாம் எண்ணெய் தேய்க்கிறார். எனக்கு உடம்பு கூசுகிறது. "வேண்டாம்ணா, கால் வேண்டாம்" என்கிறேன். அவர் விடவில்லை. "சும்மா இருங்க, இதான் என் வேலை" என்றார்.

இயேசு கால் கழுவ வந்தபோது பேதுருவும் இதைத்தான் சொன்னார், என் கால்களை நீர் கழுவலாகாது என்று. பெரிய வியாழன் தோறும் கேட்ட கதை. அதைத் தாழ்மை என்றே 40 வருடம் நினைத்திருந்தேன். நான் சொன்னபோது அது தாழ்மை இல்லை, வீம்பு என்று எனக்கே தெரிந்தது. பேதுருவுக்கு எப்படியோ.

முதுகு வலியும் போய்விட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.


பென்னாகரத்தான் | புதன், இரவு 9.15

நான் கிறிஸ்தவன் இல்லை. ஒகேனக்கல் என்ற பெயரைப் பார்த்து உள்ளே வந்தேன். தப்பாக நினைக்காவிட்டால் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது. இழை தொடங்கியவருக்குப் பரிசல் ஓடாததால் வசனம் போய்விட்டது. அந்தப் பெரியவருக்கு அன்றைய கூலி போய்விட்டது. தடை என்பது ஒரு நாளோடு முடிவதில்லை. கர்நாடகாவில் மழை நின்று, தண்ணீர் குறைந்து, கலெக்டர் ஆபீசிலிருந்து உத்தரவு வரும்வரை நீளும், சில வருடம் வாரக் கணக்கில். பரிசல் ஓட்டுபவர், மசாஜ் செய்பவர், நாம் வாங்கித் தரும் மீனை அங்கேயே ஆக்கித் தரும் அக்காக்கள், எல்லோருக்கும் அடுப்பு அந்த ஆற்றில்தான் எரிகிறது. நீங்கள் அவரிடம் இவ்வளவு கேட்டீர்கள். அவர் பெயர் கேட்டீர்களா?

இரண்டாவது. நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கும் கதை தெரியும். அதை வகுப்பில் சொன்ன சிஸ்டரைப் பார்த்து நாங்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்போம். எங்கள் ஊரில் எல்லோரும் வாயை மூடித்தான் சிரிப்போம். காரணம் பல். தருமபுரி மண்ணில் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பார்கள். எங்கள் போர் தண்ணீர் அதையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டது. நிலைப்பல் உருவாகும் வயதில் அதைக் குடித்தால் பல்லிலேயே பழுப்புப் பட்டை விழும். வெளியே ஒட்டிய கறை இல்லை, எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. சென்னையில் காலேஜ் சேர்ந்தபோது ஹாஸ்டலில் என்னைப் பான்பராக் போடுகிறவன் என்றுதான் நினைத்தார்கள். இதில் கொடுமை, 15 கிலோமீட்டர் தள்ளிக் காவிரி ஓடுகிறது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நாங்கள் குடித்தது போர் தண்ணீர்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, ஜப்பான் கடன் வாங்கிக் கட்டியது. என் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். போன லீவில் மெயின் அருவிக்கு எதிரே நின்று போட்டோ எடுத்தோம். "அப்பா, பல்லைக் காட்டிச் சிரிங்க" என்றாள். அவள் பல் அரிசி போல வெள்ளை. 38 வயதில் முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். கையில் வைத்திருந்த பாட்டில் வீட்டுக் குழாயில் பிடித்தது, அதே ஆற்றுத் தண்ணீர்தான்.

உங்கள் கதையில் எனக்கு அன்றும் இன்றும் பிடித்தது ஒன்று. அவர் எடுத்தவுடன் ஜீவத்தண்ணீர் தருகிறேன் என்று பேசவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். முதலில் அவர்தான் கேட்டார்.


பாஸ்டர் மகள் | புதன், இரவு 9.50

இதற்குமேல் எந்தப் பிரசங்கியும் இதைச் சொல்ல முடியாது.


கேள்விக்காரன் | புதன், இரவு 10.12

நானும் ஞானஸ்நானம் எடுத்தவன்தான், இப்போது கோவிலுக்குப் போவதில்லை. ஆகவே பாதி வெளி ஆள். எனக்கு இந்தப் பழக்கத்தில் ஒரு நெருடல் உண்டு. எதைப் பார்த்தாலும் உடனே பாடமாக்குகிறவர் அந்தப் பொருளை முழுசாகப் பார்ப்பதில்லை. பரிசலைப் பார்த்தால் நோவா, அருவியைப் பார்த்தால் கிருபை. மூங்கில் எங்கே வெட்டுகிறார்கள், ஒரு பரிசல் எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்பதற்குள் "ஆகவே பிள்ளைகளே" வந்துவிடுகிறது. பென்னாகரத்தான் சொன்ன பெயர் விஷயமும் அதுதான். அந்தப் பெரியவர் உங்களுக்கு உவமையாகிவிட்டார், ஆளாக இல்லை.


சந்தூர் தோட்டம் | வியாழன், காலை 5.40

கேள்விக்காரன் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பொருளை ஒழுங்காகப் பார்த்தால் வசனமே வேறு மாதிரி திறக்கும். என் கதையைக் கேளுங்கள்.

எங்களுக்குச் சந்தூரில் மாங்கன்று நர்சரி. மூன்று தலைமுறையாக ஒட்டுக் கட்டுகிறோம். நாட்டு மாங்கொட்டையை முளைக்க வைத்து, அந்த வேர்ச்செடியில் நல்ல தாய் மரத்துக் குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவோம். அல்போன்சாவோ பெங்களூராவோ, நல்ல ஜாதி மேலே, காட்டு ஜாதி கீழே. யார் கட்டினாலும் இதுதான் முறை. ஒட்டுக்குக் கீழே துளிர் விட்டால் கிள்ளிப் போட வேண்டும். விட்டால் காட்டுச் செடி மேலே ஏறி நல்லதைக் கொன்றுவிடும்.

கோடை லீவுக்குக் கோவையிலிருந்து அண்ணன் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் தோட்டம்தான் சுற்றுலா. ஒரு நாள் இரவு குடும்ப ஜெபத்தில் ரோமர் 11ஆம் அதிகாரம் வாசிக்கிற முறை. காட்டொலிவக் கிளையை நல்ல ஒலிவ மரத்தில் ஒட்ட வைத்தார் என்று பவுல் எழுதுகிறார். பகல் முழுக்க என்னோடு குச்சி சீவிக்கொண்டிருந்த பெரியவன், 13 வயது, "சித்தப்பா, இவர் தலைகீழா சொல்றாரே! நல்லதைத்தானே காட்டுச் செடியில ஒட்டணும்?" என்றான்.

எனக்கு வேர்த்துவிட்டது. இந்த அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன், கையில் தழும்பு வரும் அளவுக்கு ஒட்டுக் கட்டுகிறவன், எனக்கு இது தோன்றவே இல்லை. பவுலுக்கு விவசாயம் தெரியாது போல என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் விடாமல் மேலே வாசித்துக்கொண்டே போனான். 24ஆம் வசனத்தில் நின்றான். "சுபாவத்திற்கு விரோதமாய்" ஒட்டவைக்கப்பட்டீர்கள் என்று அங்கே இருக்கிறது. தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்! எந்தத் தோட்டக்காரனும் செய்யாத வேலை. காட்டுக் குச்சியை நல்ல மரத்தில் செருகினால் பழம் காட்டுப் பழம்தான் வரும், எங்களுக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைத் தெரிந்தே ஒருவர் செய்கிறார் என்பதுதான் அங்கே விஷயம்.

நான் அவனுக்கு ஒட்டுக் கட்ட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்.


கிருஷ்ணகிரி பழசு | வியாழன், காலை 9.30

இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஆறு, அணை என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். லுத்தரன் சபையின் மிசூரி மிஷன் இந்தியாவில் முதலில் கால் வைத்த ஊர் கிருஷ்ணகிரி. 1895இல் தியடோர் நேத்தர் என்ற மிஷனரி இங்கே வந்தார். பிளேக் பரவியபோதும் ஊரை விட்டுப் போகாமல், 1904இல் அந்த நோயிலேயே இங்கே இறந்தார். ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைகள் எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம், உவமை தேட வேண்டிய அவசியமே இல்லை.


பன்னெண்டு டயர் | வியாழன், இரவு 11.48

லோடு இறக்கிவிட்டுத் தொப்பூர் தாண்டி டீ குடிக்கும்போது எழுதுகிறேன். சுருக்கமாக.

தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது தொப்பூர் கணவாய் வரும். போர்டு வைத்து, மைக்கில் கத்தி, எல்லாம் பார்த்துவிட்டார்கள், வண்டி மோதுவது நின்றபாடில்லை. காரணம் பாதி நேரம் ஒன்றுதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது. இறக்கத்தில் லோடு தள்ளும், பிரேக் சூடேறும், அப்புறம் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று என் குரு சொல்லுவார்.

ஒரு தடவை மே லீவில் பொண்டாட்டி, மகன் இருவரையும் கேபினில் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்கு அதுதான் டூர். கணவாய்க்கு முன்னால் நிறுத்தி ஜெபம் செய்தோம். மகன் கேட்டான், "ஜெபம் பண்ணியாச்சு, இனி ஏன் மெதுவா போறீங்க?" நான் சொன்னேன், ஜெபம் பண்ணிட்டு நியூட்ரலில் விடக் கூடாதுடா, அது சாமியைச் சோதிப்பது, பிசாசும் இயேசுவை ஆலய உப்பரிகையில் நிறுத்திக் குதிக்கச் சொல்லி அதைத்தான் கேட்டான்.

ஓசூர் அண்ணே, பிள்ளை கேட்டபோதுதான் சொன்னேன். கேட்காவிட்டால் எனக்கும் தோன்றியிருக்காது. வண்டி எடுக்கணும், வருகிறேன்.


எலத்தகிரி பேத்தி | வெள்ளி, காலை 7.20

12 டயர் அண்ணா, பத்திரமாகப் போங்க.

ஒகேனக்கல் சமையல் அக்காக்கள் பற்றி ஒன்று. உயிர்த்த ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துச் சீடர்களைச் சாப்பிடக் கூப்பிடுவாரே, யோவான் 21, அதை வாசிக்கும்போது என் மனதில் கலிலேயா வராது. கெளுத்தி மீனுக்கு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டு, "வாங்க கண்ணு, சூடா இருக்கு" என்று கூப்பிட்ட அந்த அக்கா முகம்தான் வரும். இது தப்பா என்று ஃபாதரிடம் கேட்டேன். அவர் என்ன மீன் என்று கேட்டார்.


மணி 77 | வெள்ளி, காலை 7.45

அந்த மசாலா யாருக்காவது தெரியுமா? வீட்டில் செய்தால் அந்த ருசி வரவில்லை.


பென்னாகரத்தான் | வெள்ளி, காலை 8.10

மசாலா ஒன்றும் ரகசியம் இல்லை. மீன் காலையில் வந்தது, அடுப்பு விறகு, நீங்கள் தண்ணீரில் மூன்று மணி நேரம் கிடந்து பசியோடு வந்தீர்கள். அவ்வளவுதான்.


ஓசூர் அப்பா | வெள்ளி, இரவு 10.05

எல்லாப் பதிவையும் வீட்டில் சத்தமாக வாசித்தேன். பென்னாகரத்தான் அண்ணே, நீங்கள் கேட்டது குத்தியது. பெயர் கேட்கவில்லை. கிளம்பும்போது நன்றி சொன்னேன், அதோடு சரி. எனக்கு ஒரு உவமை கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன். அவர் அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்ற எண்ணமே வரவில்லை. 'சும்மா கேட்டேன்' என்று மகள் சொன்ன கதையை எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

பாஸ்டர் மகள் சிஸ்டர், உங்கள் பதிவை வாசித்ததும் என் மகள் எழுந்து போய் 42ஆம் சங்கீதத்தை எடுத்துப் பார்த்தாள். "நாம போனப்ப மதகு திறந்திருந்ததா?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகம் இல்லை. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.


நெறியாளர் | 5 மாதங்களுக்குப் பிறகு

பழைய இழை. தொடங்கியவர் கேட்டுக்கொண்டதால் மீண்டும் திறக்கப்படுகிறது.


ஓசூர் அப்பா | திங்கள், இரவு 9.30

தகவல் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டதுபோல் இருக்கக் கூடாது.

பொங்கல் லீவில் மறுபடியும் ஒகேனக்கல் போய் வந்தோம். இந்த முறை ஞாயிறு ஆராதனை முடித்து, மத்தியானம்தான் கிளம்பினோம் (எலத்தகிரி சிஸ்டர் கவனிக்க). தண்ணீர் குறைவு, பாறை எல்லாம் தெரிகிறது, பரிசல் ஓடுகிறது. லைஃப் ஜாக்கெட் மகனுக்கு முழங்கால் வரை வந்தது. நோட்டு காரில் இருந்தது. எடுத்து வந்தது நான் இல்லை, போன தடவையிலிருந்து அங்கேயே கிடக்கிறது.

துறையில் அந்தப் பெரியவரைத் தேடினேன். அவர் வேறு சவாரியில் இருந்தார், முக்கால் மணி நேரம் காத்திருந்து அவர் பரிசலிலேயே ஏறினோம். எங்களை ஞாபகம் இல்லை. மகள் தன் உள்ளங்கையைக் காட்டி, "தார் ஒட்டின பாப்பா" என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பக்கப் பாறைக்கும் நடுவில் போகும்போது, துடுப்பை ஒரு பக்கமே போட்டுப் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டார். மகன் அலறினான், மறுபடி சுற்றச் சொன்னான், மறுபடி அலறினான்.

சுற்றி நின்றதும் மகள் கேட்டாள்: "அப்பா, இயேசு பின்னணியத்தில தலையணை வச்சுத் தூங்கினார்னு இருக்கே, இதுல பின்னணியம் எது?"

நான் தேடிப் பார்த்தேன். வட்டமாக இருக்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரியவரிடம் கேட்டால், "நான் எங்க உக்காந்து தள்றேனோ அதான் முன்னாடி" என்றார். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. மனைவி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வந்தாள்.


பென்னாகரத்தான் | திங்கள், இரவு 10.02

பெயர்?


ஓசூர் அப்பா | திங்கள், இரவு 10.10

கேட்டேன் அண்ணே. அவரிடம் அனுமதி வாங்காததால் இங்கே போடவில்லை. ஒரு பரிசல் ஒரு வருடம் தாங்குமாம், பார்த்து வைத்துக்கொண்டால் கூடக் கொஞ்சம் வருமாம், கேள்விக்காரன் தம்பிக்குச் சொல்லிவிடுங்கள். அவர் பேத்தி பென்னாகரத்தில் எட்டாவது படிக்கிறாள். மார்ச்சில் ஒரு நாள் ஓசூருக்கு வருகிறேன் என்றிருக்கிறார், ரோஜாத் தோட்டம் பார்க்க.